நாற்பதைத் தாண்டி நாற்பத்திரண்டு

முதன்முறையாக மராத்தான் ஓடுகிறவர்களின் வயதைப் பட்டியல் போட்டுப் பார்த்த இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், 2014இல் வேடிக்கையான ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான ஆடம் ஆல்டரும் ஹால் ஹெர்ஷ்ஃபீல்டும் 25 முதல் 64 வயது வரையிலான 500 புதுமுக ஓட்டக்காரர்களை எடுத்துக்கொண்டார்கள். 29, 39, 49, 59 என்று ஒன்பதில் முடியும் வயதுக்காரர்கள் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 50 பேர் இருந்திருக்க வேண்டும். ஆனால் இருந்தவர்கள் 74 பேர். அடுத்த பத்துக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன் எதையாவது சாதித்துவிட வேண்டும் என்ற தவிப்புதான் காரணம் என்றார்கள். கணக்கு போட்ட விதம் சரியில்லை என்று பிறகு வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். மறுப்பில் நியாயம் இருக்கலாம். ஆனாலும் 49 வயதுக்காரர் ஒருவர் நள்ளிரவில் ஆன்லைனில் ஓட்டக் காலணி விலை பார்த்துக்கொண்டிருந்தால், என்ன நடக்கிறது என்று அவர் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சிலரைக் கிளப்புவது வயது. பலரைக் கிளப்புவது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த பெரிய ஆய்வு ஒன்று, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் கணக்கிட்டது. மாஸ்டர் செக்கப் போய் 'பார்டர்லைன்' என்ற சொல்லோடு திரும்புகிறவர், மறுநாளே பக்கத்துப் பூங்காவில் நடக்கத் தொடங்குகிறார். நடை அலுத்து ஓட்டமாகிறது. 5 கி.மீ., பிறகு 10 கி.மீ., பிறகு ஓர் அரை மராத்தான். ஒருநாள் ஓட்டம் முடிந்து டீ குடிக்கும்போது யாரோ ஒருவர், "அடுத்து ஃபுல்தானே சார்?" என்று கேட்டுவிடுகிறார். வினை அங்கே ஆரம்பிக்கிறது.

ஜனவரி மாத ஞாயிறு ஒன்றில் விடிகாலை 4 மணிக்கு நேப்பியர் பாலத்தில் போய் நின்றால் இந்தக் கூட்டத்தை நேரில் பார்க்கலாம். 2006இல் தொடங்கப்பட்ட 'சென்னை ரன்னர்ஸ்' குழு நடத்தும் சென்னை மராத்தானின் முழு ஓட்டம் அங்கிருந்துதான் புறப்படுகிறது. பரிசுக்காக ஓடும் வேகக்காரர்கள் முன்வரிசையில் ஒரு சிறு கூட்டம். அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்களில் நரைத்த தலைகள் நிறைய. ஐ.டி. மேலாளர்கள், வங்கி அதிகாரிகள், டாக்டர்கள், கடைக்காரர்கள், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள். பள்ளியில் விளையாட்டுப் பீரியடை வேப்பமரத்தடியில் கழித்தவர்கள்கூட இதில் உண்டு. அடுத்த ஐந்து, ஆறு மணி நேரம் இவர்கள் ஓடப்போகும் தூரம் 42.195 கி.மீ.

இவர்களில் யார் நல்லபடியாக முடிப்பார், யார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்காருவார் என்பதில் பெரும்பகுதி, முந்தைய ஐந்தாறு மாதங்களிலேயே முடிவாகிவிடுகிறது. நாற்பதுக்கு மேற்பட்ட உடம்பில் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் பயிற்சிக்குப் பழகுவதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். ரத்தத்தின் பிளாஸ்மா அளவு முதல் சில நாட்களிலேயே கூடத் தொடங்கிவிடும். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். ஆறாவது வாரத்தில் மூச்சு வாங்குவது நின்றுவிடுகிறது. 'நமக்கு வந்துடுச்சு' என்று தோன்றுகிறது. புதியவர் வேகத்தையும் தூரத்தையும் ஒரே வாரத்தில் கூட்டுகிறார். குதிகால் நாண் அப்போதும் பழைய வயதிலேயே இருக்கிறது. எலும்பியல் மருத்துவர்களிடம் வந்து சேரும் புது ஓட்டக்காரர்கள் பலர், இந்த இடைவெளியில் விழுந்தவர்கள்.

இதயம் சீக்கிரம் தேறும் என்றதும், அதைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்குத்தான் 1984ஆம் வருடக் கதை.

பதினாறு நாட்கள், இரண்டு பேர்

அமெரிக்காவில் ஜிம் ஃபிக்ஸ் என்று ஒரு பத்திரிகையாளர். நாளுக்கு இரண்டு பாக்கெட் சிகரெட், நூறு கிலோவை நெருங்கிய எடை. 35ஆவது வயதில் ஓடத் தொடங்கினார். எடை இறங்கியது, சிகரெட் போனது, மராத்தான்கள் வந்தன. 1977இல் ஓட்டத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஓடும் இரண்டு கால்களின் படம் போட்ட அந்தச் சிவப்பு அட்டை, அமெரிக்க நடுத்தர வயதினரைச் சாலைக்கு இழுத்து வந்த விளம்பரம் ஆனது. அட்டையில் இருந்தவை ஃபிக்ஸின் கால்களே.

1984 ஜூலை 20ஆம் தேதி, வெர்மான்ட் மாநிலத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் சாலையோரம் விழுந்து இறந்தார். வயது 52. பிரேதப் பரிசோதனையில் இதயத்தின் ரத்தக்குழாய்களில் கடுமையான அடைப்பு தெரிந்தது. செய்தி வந்ததும், 'ஓட்டம் ஆளைக் கொல்லும்' என்று சொல்லக் காத்திருந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த பதினாறாம் நாள், ஆகஸ்ட் 5. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மராத்தான் வரலாற்றிலேயே முதன்முறையாக நடந்தது. ஜோன் பெனாய்ட் தங்கம் வென்றார். ஆறாவதாக வந்த பிரிட்டிஷ் பெண் பிரிசில்லா வெல்ச்சுக்கு அப்போது 39 வயது. அவரும் ஒருகாலத்தில் நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்தவர். அவரும் முப்பதுகளின் நடுவில்தான் ஓட வந்தவர். அன்று அவருடைய நேரம் 2 மணி 28 நிமிடம் 54 விநாடி. மூன்று வருடம் கழித்து, 42 வயதில் லண்டனில் 2:26:51க்கு ஓடினார். அதே ஆண்டு நியூயார்க் மராத்தானில் பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்தார்.

இருவருக்கும் ஏறக்குறைய ஒரே தொடக்கம். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? ஃபிக்ஸின் அப்பாவுக்கு 35 வயதில் முதல் மாரடைப்பு. 43 வயதில் இறந்துபோனார். இந்தக் குடும்பக் கதை ஃபிக்ஸுக்கு நன்றாகத் தெரியும். 'ஏரோபிக்ஸ்' என்ற சொல்லைப் பிரபலமாக்கிய டாக்டர் கென்னத் கூப்பர், ஃபிக்ஸ் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு டிரெட்மில் பரிசோதனை செய்துகொள்ளும்படி அழைத்தபோதும் அவர் மறுத்துவிட்டார். ஓட்டம் அவருக்கு ஒன்பது வருடம் கூடுதலாக வாங்கிக் கொடுத்தது என்று, அப்பாவின் வயதை வைத்து ஒருவர் வாதிடலாம். அவர் ஓடியதில் தவறில்லை. ஓடுகிறோம், அதனால் சோதனை தேவையில்லை என்று நினைத்ததில்தான் தவறு இருக்கிறது.

புள்ளிவிவரம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மராத்தானும் அரை மராத்தானும் ஓடிய 1.09 கோடிப் பேரை வைத்து ஓர் ஆய்வு, 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ஓட்டத்தின்போது இதயம் நின்றுபோனவர்கள் 59 பேர். அவர்களில் 42 பேர் இறந்தார்கள். ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கு பயமுறுத்துவதாக இல்லை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால், 59 பேரில் 51 பேர் ஆண்கள். சராசரி வயது 42. அரை மராத்தானைவிட முழு மராத்தானில் விகிதம் ஏறத்தாழ நான்கு மடங்கு. பிழைத்தவர்கள் பிழைத்ததற்கு முக்கியக் காரணம், பக்கத்தில் இருந்த யாரோ ஒருவர் உடனே மார்பை அழுத்தி சிபிஆர் கொடுத்தது. ஓட்டக் குழுக்கள் காலணியைப் பற்றிப் பேசும் நேரத்தில் கால்வாசியை இதைக் கற்றுக்கொள்ளச் செலவழிக்கலாம்.

மறுபக்கத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. லண்டன் மராத்தானுக்கு முதன்முறையாகப் பயிற்சி எடுத்த 138 பேரை ஆறு மாதம் பின்தொடர்ந்த ஆய்வு 2020இல் வெளியானது. யாரும் வீரர்கள் இல்லை. ஆண்கள் சராசரியாக நாலரை மணி நேரத்திலும் பெண்கள் ஐந்தரை மணிக்குச் சற்று முன்னும் முடித்தார்கள். ஓட்டம் முடிந்தபின் அளந்தபோது, பெருந்தமனியின் விறைப்பு குறைந்திருந்தது; ரத்தக்குழாய்களின் வயது ஏறக்குறைய நான்கு வருடம் பின்னால் போனதற்குச் சமம் என்று கணித்தார்கள். ரத்த அழுத்தமும் சற்று இறங்கியிருந்தது. கூடுதல் பலன் கிடைத்தது வயது அதிகமானவர்களுக்கும் மெதுவாக ஓடிய ஆண்களுக்கும்! கடைசியாக வந்து சேருகிறவர்கள் இந்த வரியைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

ஆக, நாற்பதைத் தாண்டியவர் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு என்று ஏதாவது ஒன்று இருந்தால் இசிஜியோடு நிறுத்தாமல் டிரெட்மில் சோதனை வரை போவது நல்லது. ஓடும்போது நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல், மயக்கம் இவற்றை 'கேஸ் ட்ரபிள்' என்று ஒதுக்குவது நம் ஊரில் பழைய வழக்கம். அந்த வழக்கத்தோடு மராத்தான் ஓட முடியாது.

மெதுவாக ஓடுவது கஷ்டம்

புதிதாக ஓட வருகிறவருக்கு வேகமாக ஓடக் கற்றுத்தர வேண்டியதில்லை, அது தானாக வந்துவிடும். ஐம்பது மீட்டர் முன்னால் இன்னொருவர் முதுகு தெரிந்தால் போதும். மெதுவாக ஓடத்தான் ஆள் வைத்துச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. பயிற்சியாளர்கள் சொல்லும் சோதனை எளியது. பக்கத்தில் ஓடுகிறவரிடம், "நேத்து மேட்ச் பாத்தீங்களா? கடைசி ஓவர்ல கேட்ச விட்டுட்டான்ல" என்று முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. 'மேட்ச்... பாத்தீங்களா...' என்று துண்டு துண்டாக வந்தால், அதிகம். வாரத்தின் பெரும்பாலான ஓட்டங்கள் பேச்சு வேகத்திலேயே இருக்க வேண்டும். தன்மானம் உள்ள ஆண்களுக்கு இது பெரிய சோதனை. நடைப்பயிற்சி மாமாக்கள் சில நேரம் தாண்டிப் போவார்கள்.

1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஓடிய ஜெஃப் காலோவே, புதியவர்களுக்கு இன்னும் ஒரு படி இறங்கிவந்தார். சில நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, மறுபடி ஓட்டம். களைத்த பிறகு நடப்பதற்குப் பதிலாக, முதல் கிலோமீட்டரிலிருந்தே திட்டமிட்டு நடப்பது. 'நடந்தால் அது மராத்தானா?' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களில் பலர் 35ஆவது கிலோமீட்டரில் திட்டமிடாமல் நடப்பதைப் பார்க்கலாம்.

வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்பது ஓட்ட உலகத்தின் வேதவாக்கு. நெதர்லாந்தின் குரோனிங்கனில் 532 புதியவர்களை இரண்டு பிரிவாக்கி இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பத்து சதவீத விதிப்படி 13 வாரப் பயிற்சி, இன்னொன்றுக்கு வழக்கமான 8 வாரப் பயிற்சி. 2008இல் வந்த முடிவின்படி காயமடைந்தவர்கள் முறையே 20.8, 20.3 சதவீதம். விதி மந்திரம் போல வேலை செய்யவில்லை. எந்தத் திட்டமாக இருந்தாலும் புதியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஓர் இடத்தில் வலிக்கிறது. வலிக்கும் அன்று நிறுத்துகிறவர் ஒரு வாரத்தை இழக்கிறார், வலிநிவாரணி போட்டுக்கொண்டு ஓடுகிறவர் சீசனையே இழக்கிறார்.

முழங்கால் பயம் தனி. 'ஓடினா மூட்டு தேஞ்சிடும்' என்று சொல்லாத சொந்தக்காரர் தமிழ்நாட்டில் இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்றில், ஆர்வத்துக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதத்தினருக்குத்தான் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. உட்கார்ந்தே இருந்தவர்களில் 10.2 சதவீதம். போட்டி வீரர்களில் மட்டும் 13.3. மூட்டு ஏற்கெனவே கெட்டிருந்தால் ஓட வராமலே இருந்திருப்பார்கள் என்ற சந்தேகத்துக்கு இங்கே இடம் உண்டு. ஆனால் சோஃபாவில் இருப்பது மூட்டைக் காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அரை மராத்தானைச் சிரமமின்றி ஓட முடிந்தவருக்கு அடுத்துத் தேவைப்படுவது 16 முதல் 20 வாரம். வாரத்தில் நாலு நாள் ஓட்டம், இரண்டு நாள் வலுப் பயிற்சி. முப்பது வயதுக்குப் பிறகு தசை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வருவதால், நடுவயதினருக்கு இந்த இரண்டு நாளிலிருந்து விலக்கு கிடையாது. ஸ்குவாட்டும் குதிகால் தூக்கலும் அலுப்பாக இருந்தாலும் செய்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை 'லாங் ரன்': 24, 28, 30, அதிகபட்சம் 32 கி.மீ. போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது தூரத்தைக் குறைத்து, காலுக்கு ஓய்வு. அந்த ஓய்வு வாரங்களில் இல்லாத வலியெல்லாம் வரும், வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழத் தோன்றும்.

ஞாயிறு காலை யாருடையது?

30 கி.மீ. லாங் ரன் என்றால் புதியவருக்கு மூன்றரை, நாலு மணி நேரம். திரும்பி வந்து குளித்து, சாப்பிட்டு, மதியம் கட்டை போல ஒரு தூக்கம். ஞாயிறு போயிற்று. சனிக்கிழமை இரவு கல்யாண ரிசப்ஷனா? ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும், வர முடியாது. பள்ளிக்கூட மீட்டிங், காய்கறி, மாமியாரின் கண் டாக்டர் எல்லாம் வீட்டில் இருப்பவர் தலையில் இறங்குகிறது. கணவர் ஓடும் வீடுகளில் இது சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது. மனைவி ஓடத் தொடங்கும் வீட்டில்தான், அதிகாலை 4 மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு கிளம்ப வேண்டுமென்றால் முந்தைய இரவே மாவு, குழம்பு, யூனிஃபார்ம் எல்லாம் தயாராக இருக்க வேண்டியிருக்கிறது.

பெண்களை நெடுந்தூரம் ஓட விடவே விளையாட்டு உலகம் வெகுகாலம் தயங்கியது. 1967இல் பாஸ்டன் மராத்தானில் முதலெழுத்துகளை மட்டும் கொடுத்துப் பதிவு செய்து ஓடிய கேத்ரின் ஸ்விட்சரை, போட்டி அதிகாரி ஒருவர் பாதியில் பிடித்து வெளியே தள்ளப் பார்த்த புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. 1980 வரை ஒலிம்பிக்கில் பெண்கள் ஓடக்கூடிய அதிகபட்ச தூரம் 1,500 மீட்டர்தான். ஸ்விட்சர் 2017இல், 70 வயதில், அதே பாஸ்டனில் மறுபடி ஓடி முடித்தார்.

நாற்பத்தைந்து, ஐம்பதில் ஓட வரும் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தின் கணக்குகள் வேறு. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது எலும்பின் அடர்த்தி வேகமாக இறங்குகிறது. இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி மூன்றையும் பார்க்காமல் தூரத்தைக் கூட்டினால் எலும்பில் கீறல் விழலாம். பிரசவத்துக்குப் பின் தளர்ந்த இடுப்புத் தளத் தசைகளால் ஓடும்போது சிறுநீர் கசிவது மிகச் சாதாரணமான பிரச்சினை. பிசியோதெரபியில் பெரும்பாலும் சரியாகிவிடும். யாரிடமும் சொல்லாமல் ஓட்டத்தையே விட்டுவிடும் பெண்கள் இருப்பதால் இதை அச்சில் போட வேண்டியிருக்கிறது. இருட்டில் தனியாக ஓடுவதில் உள்ள பயம், தெருநாய்கள் இரண்டும் சேர்ந்ததால்தான் குழுவாக ஓடுவது நம் ஊர்களில் வெறும் நட்புக்கான ஏற்பாடாக இல்லாமல், தேவையாகிவிட்டது. நாய்க்கூட்டத்தைக் கண்டால் வேகத்தைக் கூட்டாமல் நடைக்கு மாறுங்கள் என்பது எல்லாக் குழுக்களிலும் முதல் பாடம்.

தண்ணீரும் அளவோடு

சென்னையில் மராத்தானை ஜனவரியில் வைப்பது ஏன் என்று கேட்கவே வேண்டாம். அந்த மாதத்திலும் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் சட்டையில் சொட்டுகிறது, உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகிறது. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்வை போகிறவர்கள் இங்கே சாதாரணம். எட்டு மணி வெயில் முகத்தில் அடிக்கும் முன் முடிந்த அளவு தூரத்தைக் கடந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் 4 மணிப் புறப்பாடு.

வெயிலுக்குப் பயந்து குடம் குடமாகக் குடிப்பதிலும் ஆபத்து இருக்கிறது. 2002 பாஸ்டன் மராத்தானை முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. அந்த ஆண்டு 28 வயது பெண் ஒருவர் இதனால் இறந்தே போனார். அதிகம் சிக்கியவர்கள், நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடி, நிறுத்தும் இடத்திலெல்லாம் குடித்து, தொடங்கும்போது இருந்ததைவிட எடை கூடி முடித்தவர்கள். அதாவது மெதுவாக ஓடும் புதியவர்கள். தாகத்துக்குக் குடிப்பது, வெறும் தண்ணீரோடு உப்பும் சேர்ப்பது, இரண்டும் போதும். ஓஆர்எஸ் பாக்கெட், உப்பு போட்ட மோர், எலுமிச்சை ஜூஸ் எல்லாம் நமக்குத் தெரிந்த மருந்துதான்.

சாப்பாட்டிலும் வெளிநாட்டு ஜெல் பாக்கெட்டுதான் வேண்டும் என்றில்லை. முதல் நாள் இரவு இட்லியோ தயிர்சாதமோ. ஓட்டத்தில் வாழைப்பழம், பேரீச்சை, கடலைமிட்டாய். எதுவானாலும் லாங் ரன்களில் சோதித்திருக்க வேண்டும். போட்டியன்று புதிதாக எதையும் வயிற்றுக்குள் போடாதே, புதிதாக எதையும் காலில் மாட்டாதே. வாசலின் தடவ மறந்தவர்கள், சட்டை உரசி மார்பில் ரத்தம் கசிந்த புகைப்படங்களோடு வீடு திரும்புவார்கள். அதையும் சொல்லிவைப்பது நல்லது.

முப்பதுக்கு அப்பால்

ஓடும்போது ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு, சுமாராக ஒரு கலோரி செலவாகிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு முழுத் தூரமும் ஓட ஏறக்குறைய 2,950 கலோரி வேண்டும். தசையிலும் ஈரலிலும் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருப்பது சுமார் 2,000 கலோரி. கொழுப்பு எல்லோரிடமும் வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆனால் அது வங்கியில் போட்ட நிரந்தர வைப்பு மாதிரி, அவசரத்துக்குச் சட்டென்று எடுக்க முடியாது. கையிருப்பு தீர்வது பெரும்பாலும் 30 கி.மீ.யை ஒட்டி. ஓட்டக்காரர்கள் இதை 'வால்' என்கிறார்கள், சுவரில் போய் முட்டிக்கொண்ட கணக்கு. கால் இரும்பாகிறது, கூட்டல் கழித்தல் மறக்கிறது, 'எதுக்கு இந்த வேலை' என்று கண்ணில் தண்ணீர் வருகிறது. முதல் 10 கி.மீ.யை உற்சாகத்தில் வேகமாக ஓடியவர்களுக்குச் சுவர் முன்கூட்டியே வந்துவிடும், ஏனென்றால் வேகம் கூடக் கூட உடம்பு கொழுப்பை விட்டுக் கிளைகோஜனையே அதிகம் எரிக்கிறது. பயிற்சி மாதங்களில் மெதுவாக ஓடியதெல்லாம் கொழுப்பை எரிக்க உடம்பைப் பழக்கத்தான்.

கடைசி இரண்டு கிலோமீட்டரில் யாரையாவது திட்டத் தோன்றினால் பிரிட்டிஷ் அரச குடும்பத்தைத் திட்டலாம். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மராத்தான் ஓட்டம் ஏறக்குறைய 40 கி.மீ.தான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி அரங்கத்தில் அரச குடும்பத்தின் இருக்கைக்கு எதிரே முடியும்படி பாதை போட்டார்கள். 26 மைலும் 385 கஜமும் வந்தது. அந்தத் தூரமே 1921இல் நிலையான அளவானது.

எவ்வளவு தாமதமாகத் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்குப் பஞ்சாபின் ஃபவுஜா சிங்கைக் காட்டுவது வழக்கம். மனைவி இறந்தபின் இங்கிலாந்துக்குக் குடிபோனவர், 1994இல் ஒரு மகனையும் பறிகொடுத்த துயரத்தில் ஓட ஆரம்பித்தார். முதல் பயிற்சிக்குக் கோட்டு சூட்டோடு வந்து நின்றாராம். 2000ஆம் ஆண்டு, 89 வயதில் லண்டனில் முதல் மராத்தான்: 6 மணி 54 நிமிடம். 2011இல் டொரன்டோவில் 8 மணி 11 நிமிடத்தில் முடித்தபோது அவருக்கு நூறு வயது. கின்னஸ் ஒத்துக்கொள்ளவில்லை, பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டது. 1911இல் பஞ்சாப் கிராமத்தில் பிறந்த குழந்தைக்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? நம் தாத்தா பாட்டிகளுக்கும் இதே கதிதான். 2025 ஜூலையில், தன் ஊர்ச் சாலையைக் கடக்கும்போது கார் மோதி ஃபவுஜா சிங் இறந்தார்.

கனடாவின் எட் விட்லாக் வேறு ரகம். இளமையில் ஓடிவிட்டு, இருபது வருடம் போல விட்டுவிட்டு, நாற்பதுகளில் திரும்பி வந்தவர். 2003இல், 72 வயதில், மூன்று மணி நேரத்துக்குள் மராத்தான் ஓடினார். எழுபதைத் தாண்டியவர்களில் அதைச் செய்த முதல் ஆள். அடுத்த வருடம் 2:54:48. 85ஆவது வயதில் 3:56:34. வீட்டுக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில், பழைய காலணியோடு மணிக்கணக்கில் சுற்றிச் சுற்றி ஓடியதுதான் பயிற்சி. இவர்கள் விதிவிலக்குகள். இவர்களை வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் உற்சாகப்படலாம், பயிற்சித் திட்டம் போடக் கூடாது.

போட்டிக்கு மறுநாள் திங்கட்கிழமை, அலுவலக மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்குகிற ஒருவரைப் பார்த்தால் அவர் முதல் மராத்தானை முடித்திருக்கிறார் என்று பொருள். தொடைத் தசைகளில் ஏற்பட்ட நுண்ணிய கிழிசல்கள் ஆற ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். முதல் வாரம் நடை, அதன் பிறகு மெல்ல ஓட்டம், ஒரு மாதம் வரை வேகத்தை நினைக்கவே வேண்டாம் என்கிறார்கள் பயிற்சியாளர்கள். கேட்பவர்கள் கொஞ்சம் பேர். சிலர் மெடலின் பளபளப்பு போவதற்குள் அடுத்த வருட மும்பை மராத்தானுக்குப் பதிவு செய்துவிடுகிறார்கள். சிலர் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அரை மராத்தானுக்குத் திரும்பிவிடுகிறவர்களும் உண்டு, முழுசுக்குப் போகாமலே அங்கே தங்கிவிடுகிறவர்களும் உண்டு. ஜம்மு காஷ்மீர் முதல்வர் உமர் அப்துல்லா 2024 அக்டோபரில், 54 வயதில், ஸ்ரீநகரில் 21 கி.மீ. ஓடி முடித்தார், அதற்கு முன் 13 கி.மீ.க்கு மேல் ஓடியதே இல்லை என்று அவரே எழுதினார். குருட்டு தைரியம், பலித்தது. சென்னையின் முன்னாள் மேயரும் 2021இல் தமிழகச் சுகாதாரத் துறை அமைச்சரானவருமான மா.சுப்பிரமணியன் போன வழி இன்னும் நிதானமானது. சர்க்கரை நோயாளி, 2004இல் நடந்த சாலை விபத்தில் முழங்காலில் பலத்த காயம் பட்டவர், ஐம்பதைத் தாண்டிய பிறகு ஓட்டத்துக்கு வந்தவர். அவர் முடித்த நூற்றுக்கும் மேற்பட்ட ஓட்டங்கள் 21.1 கி.மீ. தூரத்தவை. பாதித் தூரத்துக்குப் பயிற்சி நாட்களும் ஏறக்குறைய பாதிதான். லாங் ரன் 18 கி.மீ.யோடு நின்றுவிடும், ஞாயிறு காலை ஏழரைக்கெல்லாம் வீட்டில் இட்லி சாப்பிட உட்கார்ந்துவிடலாம்.